செத்த காயினுக்கு ஒரு சாட்சிக் கையெழுத்து

செத்ததைச் செத்தது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. திருப்பதி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பதினாறு வருஷமாகிறது. மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் காயாத தலையோடு வருவார்கள். தண்ணீரில் விழுந்த போன், படியில் உருண்ட போன், குழந்தை சுவரில் எறிந்த போன் என்று கவுண்டரில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பார்கள். நான் போர்டைக் கழற்றி மெஷினில் மாட்டி மின்சாரம் கொடுப்பேன். மீட்டரில் எண் அசைந்தால் உயிர் இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கலாம். அசையவில்லை என்றால் "டெட்" என்பேன். வந்தவர் தமிழோ தெலுங்கோ இந்தியோ, எல்லோருக்கும் அந்த ஒரே வார்த்தைதான்.

சிலர் அழுவார்கள். உள்ளே அம்மாவின் கடைசி போட்டோ இருக்கிறது என்பார்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். அதற்காக "பார்க்கலாம், ரெண்டு நாள் விட்டு வாங்க" என்று ஒருத்தரையும் அலையவிட்டதில்லை. மூஞ்சியில் அடித்த மாதிரிப் பேசுகிறவன் என்று கடைத்தெருவில் எனக்குப் பெயர். அதில் எனக்குப் பெருமை வேறு. அப்படிப்பட்டவன் ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டேன். அதுவும் கூடப்பிறந்த அக்காவிடம். அதை நினைத்தால் இப்போதும் யாரையாவது நாலு அறை விடலாம் போலிருக்கிறது. யாரை என்பதில்தான் தகராறு.

எங்கள் ஊர் புத்தூர்ப் பக்கம். ஆந்திராவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடியானவர்கள் நாங்கள். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, சண்டை என்று வந்துவிட்டால் இரண்டும். அக்காவை வெதுருகுப்பம் போகிற வழியில் ஒரு ஊரில் கொடுத்தோம். கல்யாணத்தில் எங்கள் நைனா, அதாவது அப்பா, அவள் பேருக்கு ஒரு ஏக்கர் மாந்தோப்பு எழுதி வைத்தார். பெண்ணின் மஞ்சள் குங்குமச் செலவுக்கென்று அப்படி எழுதி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தெலுங்கில் பசுப்பு குங்குமம் என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த நிலத்து வருமானம் அவளுடையது. புருஷன் கேட்க மாட்டான், மாமியார் கேட்க மாட்டாள். அக்கா அந்தத் தோப்பு மாங்காயில்தான் தன் இரண்டு பெண்களையும் காலேஜில் சேர்த்தாள். அவள் தலை நிமிர்ந்து நடந்ததற்குக் காரணம் அந்த ஒரு ஏக்கர்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பசுப்பு குங்கும நிலத்தை எப்போதாவது விற்க வேண்டி வந்தால், பெண்ணின் அண்ணனோ தம்பியோ பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் அது இல்லாமல் வாங்குகிறவன் அட்வான்ஸ் தர மாட்டான். பிறந்த வீட்டுக்காரன் நாளைக்கு வந்து வம்பு பண்ணுவான் என்ற பயம் அவனுக்கு. நைனா போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டில் அக்காவுக்கு இருக்கிற ஒரே கையெழுத்து நான்.

என் மாமாவைப் பற்றி, அதாவது அக்கா புருஷனைப் பற்றி, நான் குறை சொல்ல ஆரம்பித்தால் என் நாக்கே கூசும். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அவருடைய தோப்பு மாமரத்தில் ஒரு கிளை வாடினால் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே பச்சை இருந்தால் விட்டுவிடுவார். காய்ந்திருந்தால் அன்றைக்கே வெட்டிவிடுவார். அவ்வளவு கறாரான மனுஷன். ஒரு வருஷம் தோத்தாபுரி மாங்காய் விலை விழுந்தது. சித்தூர் பக்கத்தில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசலில் போர்டில் ரேட் எழுதிப் போட்டிருந்தான். மாமா டிராக்டரை நிறுத்திக்கொண்டு மூன்று நாள் வரிசையில் கிடந்தார். போர்டில் ரேட் இருக்கிறது, கேட் திறக்கவில்லை. மாங்காய் டிராக்டரிலேயே அழுகி ஒழுக ஆரம்பித்த பிறகு ரோட்டோரத்தில் கொட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து, "போர்ட்ல போட்ட ரேட்டு ரேட்டே இல்ல மச்சான். கையில வாங்கனாத்தான் ரேட்டு" என்றார். என்னைப் பார்த்து அவர் சொன்னதிலேயே புத்தியான வார்த்தை அதுதான். அதை அவரே மறந்தார்.

அந்த வயிற்றெரிச்சலைச் சரியாக மோப்பம் பிடித்துக்கொண்டு ஒருவன் வந்தான். முன்பு இன்சூரன்ஸ் பாலிசி விற்றவன். இப்போது கார், கோட்டு, கழுத்தில் கயிறு கட்டிய கார்டு. எல்லோரும் அவனை சார் என்றார்கள். விவசாயிகளுக்கென்றே ஒரு கிரிப்டோ காயின் வந்திருக்கிறது என்றான். இனி ஃபேக்டரி வாசலில் நிற்க வேண்டாம், வெளிநாட்டுக்காரன் நேராக உங்கள் தோப்பிலிருந்து மாங்காய் வாங்குவான், இந்தக் காயினில் பணம் கொடுப்பான், இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்பவன் நாளைக்கு ராஜா. திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டான். சாப்பாடும் போட்டான். மாமா அந்தப் பருவத்து மாங்காய்ப் பணத்தை அதில் போட்டார். அடுத்த பருவத்துப் பணத்தையும் போட்டார். முதலில் விலை ஏறியது. மாமா தினமும் எனக்குப் போன் பண்ணி எவ்வளவு என்று சொல்வார். பிறகு இறங்கியது. போன் வருவது நின்றுவிட்டது.

இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் செய்கிற ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் சீட்டு பிடிக்கிறவர்களை ஜனங்கள் எப்படி எடை போடுவார்கள் தெரியுமா? நல்லது கெட்டதுக்கு வருகிறானா என்று பார்ப்பார்கள். கல்யாணத்துக்கு வந்து மொய் வைத்தால், சாவுக்கு மாலை கொண்டு வந்தால், சீட்டு நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். ஓடப்போகிறவன் முதலில் சாவு வீட்டைத் தவிர்ப்பான் என்பது கணக்கு. சீட்டுக்கு அது சரியாகவும் இருந்திருக்கிறது. அதே கோலை எடுத்துக்கொண்டு போய்க் காயினை அளந்தார்கள். அந்த சாருக்கு இது நன்றாகத் தெரியும். விலை விழ விழ அவன் வருவது அதிகமானது. அக்காவின் பெரிய பெண்ணுக்கு நிச்சயதார்த்தம், காரில் பழத்தட்டோடு வந்தான். மாமாவின் சித்தப்பா இறந்தார், பாடைக்குத் தோள் கொடுத்தான். சொந்தக்காரன்கூட அப்படிச் செய்ய மாட்டான்.

"ஓடிப்போறவன் எதுக்கு மச்சான் பொணம் தூக்கறான்?" என்று மாமா அந்தச் சாவு வீட்டிலேயே என்னைக் கேட்டார். காயினை எழுதி நடத்துகிறவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று அந்தப் பிணம் தூக்கியவனுக்கே தெரியாது. அவன் வெறும் கமிஷன் ஆள். அவன் வருவதற்கும் காயின் இருப்பதற்கும் என்ன சம்பந்தம்? இதை அன்றைக்கே கத்திச் சொல்லியிருக்க வேண்டும். சாவு வீட்டில் எதற்கு என்று விட்டேன். அதுதான் என் முதல் கோழைத்தனம்.

ஒரு மத்தியானம் அக்கா கடைக்கு வந்தாள். திருப்பதிக்குத் தனியாக வருகிறவள் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்தாள். பிறகு சொன்னாள்.

"ஒங்க மாமா தோப்ப விக்கணும்னு சொல்லிக்கினு கீறாரு. என் தோப்ப."

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். "எதுக்கு?"

"அந்தக் காயின்ல போடத்தான். இப்ப வெல தரையில கீதாம். இப்ப வாங்கனா போனதெல்லாம் சேத்து வந்துருமாம். இத்தினி வருசத்துல அவரு அந்த நெலத்தப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்லடா. இப்ப வந்து என் கையப் புடிச்சிக்கினு கேக்கறாரு. இன்னா சொல்றதுன்னே தெரியல."

"நீ இன்னா சொன்ன?"

"எந் தம்பியக் கேட்டு சொல்றேன்னேன்." அவள் என் மேசையைக் காட்டினாள். திறந்து கிடந்த போன்கள், ஸ்க்ரூ டிரைவர், மெஷின். "எது செத்துது, எது சாவலன்னு நீதான ஊருக்கெல்லாம் சொல்ற. இதையும் பாத்து சொல்லு. சும்மா எளச்சிப் போயிதான் கீதுன்னா கையெழுத்துப் போடறேன். எளச்சது தேறும். செத்துப் பூட்ச்சுன்னா போட மாட்டேன். நீ சொல்றதுதான்."

நான் பார்க்கிறேன் என்றேன்.

மூன்று மத்தியானம் பார்த்தேன். கடையில் கூட்டம் ஓய்கிற நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். விலை விழுந்ததை வைத்து நான் எதையும் முடிவு பண்ணவில்லை. விலை எல்லாவற்றுக்கும் விழும். விழுந்து எழுந்த காயின்கள் இருக்கின்றன. விலை விழுந்தாலும் உள்ளே ஆள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தால் அது இளைத்தது. வேலை செய்ய ஆளே இல்லை என்றால் விலை எங்கே நின்றாலும் அது பிணம். அதனால் வேலை செய்கிறவனைத் தேடினேன். அந்தக் காயினின் புரோகிராம் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி இணையத்தில் கிடக்கிறது. யார் எப்போது கை வைத்தார்கள் என்பதும் தெரியும். பத்து மாதமாக ஒருத்தன்கூடத் தொடவில்லை. அதற்கு முன்னால் கடைசியாகச் செய்த வேலை, முகப்புப் பக்கத்தில் ஒரு படத்தை மாற்றியது. பெரிய எஞ்சினியர் என்று போட்டோ போட்டிருந்தார்களே, அந்த ஆளைத் தேடிப் போனால், வேறு கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷமாகிறது என்று அவரே தன் பக்கத்தில் சந்தோஷமாக எழுதி வைத்திருக்கிறார்.

டெலிகிராம் குரூப்புக்குள் போனேன். ஆயிரக்கணக்கான பேர். பேசுகிறவர்கள் அஞ்சு பேர். ஒருத்தன் காலையில் பெருமாள் படம் போட்டு குட்மார்னிங் சொல்கிறான், மற்ற நாலு பேர் ராக்கெட் பொம்மை போடுகிறார்கள். மறுநாளும் அதே பெருமாள், அதே ராக்கெட். நான் ஒரு கேள்வி போட்டேன்: "இந்தக் காயினைக் கொடுத்து இதுவரைக்கும் எந்த ஊரில் யார் மாங்காய் வாங்கியிருக்கிறார்கள்?" திட்டவில்லை, கிண்டல் பண்ணவில்லை. மரியாதையாகத்தான் கேட்டேன். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கேள்வியைக் காணோம். என்னையும் காணோம், குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவன் கோபத்திலாவது ஒரு பதில் சொல்வான் ஐயா!

காயின்களை வாங்கி விற்கிற பெரிய எக்ஸ்சேஞ்சுகள் எல்லாம் அதை எப்போதோ கை கழுவிவிட்டன. பேர் தெரியாத ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சில் மட்டும் விலை ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து கவனித்தேன். ஒரே அளவு வாங்கல், ஒரே அளவு விற்றல், கடிகாரம் வைத்த மாதிரி. மனுஷன் அப்படி வாங்க மாட்டான். எவனோ மெஷினை விட்டு இந்தக் கையால் விற்று அந்தக் கையால் வாங்கிக்கொண்டிருக்கிறான். கடைசியாக என் சொந்தக் காசில் கொஞ்சம் வாங்கினேன். வாங்கும்போது கண் மூடித் திறப்பதற்குள் கிடைத்தது. அதையே விற்கப் போட்டேன். காலையில் போட்டது சாயங்காலம் வரை அப்படியே நின்றது. விலையைக் குறைத்துப் போட்டேன். நின்றது. பாதிக்குப் போட்டேன். கருமம், அப்போதும் நின்றது. திரையில் விலை பச்சையாக மினுக்குகிறது, வாங்க ஒரு நாதியில்லை. மாமா மூன்று நாள் நின்ற அந்த ஃபேக்டரி வாசல்தான் ஞாபகம் வந்தது.

டெட். சந்தேகமே இல்லை. இளைத்தது கிளைத்தது எல்லாம் இல்லை, எரித்துவிட வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, இதைச் சொல்வதற்கென்றே பைக்கை எடுத்துக்கொண்டு அக்கா ஊருக்குப் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

வாசலில் கார் நின்றது. உள்ளே அவன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து நாட்டுக்கோழிக் குழம்பை ஊற்றித் தின்றுகொண்டிருக்கிறான். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வா மச்சான், துன்னுக்கினே பேசலாம்" என்றார் மாமா. "அக்கா சொன்னா, நீ எல்லாத்தியும் பாத்தியாமே. சொல்லு, எப்டி கீது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த சார் விரலை நக்கிக்கொண்டே சிரித்தான்.

"தம்முடுகிட்ட எதுக்கு அன்னா கேக்கறீங்க? பாவம், அவருக்கும் கஷ்டமா இருக்காதா? எவ்ளோ ஆனாலும் அவங்க நைனா நெலம். வெளி ஆளுக்குப் போவுதுன்னா மனசு கேக்குமா? நானா இருந்தாலும் வேணாம்னுதான் சொல்லுவேன்."

தம்பி என்று உறவு வேறு கொண்டாடிக்கொண்டு, சிரித்துக்கொண்டே சொன்னான். ஊசி குத்துகிற மாதிரி அவ்வளவு மெதுவாக. மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நைனா காரியம் முடிந்த அன்றைக்கே, பிறந்த வீட்டுக்காரன் தோப்பைத் திருப்பிக் கேட்பான் பார் என்று மாமாவின் பங்காளிகள் பேசியது என் காதில் விழுந்திருக்கிறது. அன்றைக்கே சபதம் எடுத்துக்கொண்டேன், அந்த நிலத்தைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது என்று. பெரிய மானஸ்தன் நான்! இப்போது "வேண்டாம்" என்றால் என்ன ஆகும்? நிலத்தின் மேல் கண் என்று ஆகும். அக்கா புருஷன் வீட்டில், அவர் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, திருடன் மாதிரி ஆவேன்.

"கொஞ்சம் வீக்காதான் கீது மாமா" என்றேன். "ஆனா சாவல."

என் வாய்தான் சொன்னது. இன்றைக்கும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. அக்கா கரண்டியைக் குழம்பில் போட்டாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டே நான் இரண்டு கை சோறு தின்றேன். வெட்கம் கெட்டவன்.

ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஒரு வியாழக்கிழமை போனோம். பத்திர எழுத்தர் காட்டிய இடத்தில் எல்லாம் அக்கா கையெழுத்துப் போட்டாள். தெலுங்கு ஸ்கூலில் படித்தவள், தன் பேரைத் தெலுங்கில்தான் எழுதுவாள், ஒவ்வொரு எழுத்தாக. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சாட்சி. பேனாவை வாங்கிக்கொண்டு நின்றேன். அப்போதாவது பேனாவை வீசிவிட்டு வெளியே போயிருக்கலாம். வாங்குகிறவன் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பான், மாமா ஆறு மாதம் என்னோடு பேசாமல் இருந்திருப்பார். அவ்வளவுதானே ஆகியிருக்கும்? போட்டேன். வெளியே வந்து அக்கா, மாமா, நான் மூவரும் கரும்புச் சாறு குடித்தோம். அக்கா என் தோளைத் தட்டி, "நீ பாத்து சொன்னப்புறம்தான்டா எனக்கு மனசு ஆறுச்சு" என்றாள். கரும்புச் சாற்றுக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

பணம் முழுவதும் காயினுக்குப் போயிற்று. போட்ட மறுவாரம் விலை ஒரே நாளில் தாவியது. மாமா எனக்குப் போன் பண்ணி, "பாத்தியா மச்சான்! வீக்குன்னியே!" என்று கத்தினார். செத்ததுகூடச் சில சமயம் அப்படித் துள்ளும் என்று அப்போதுகூட நான் சொல்லவில்லை. பத்து நாளில் அந்தச் சின்ன எக்ஸ்சேஞ்ச் பணத்தை வெளியே எடுக்கவிடாமல் நிறுத்தியது. பராமரிப்பு வேலை என்று போட்டிருந்தான். டெலிகிராம் குரூப்பில் யாரும் பேச முடியாதபடி பூட்டினார்கள். பெருமாள் படமும் நின்றுபோனது. மாமாவின் ஆப்பில் மட்டும் ஒரு பெரிய எண் அசையாமல் நின்றது. இன்றைக்கும் நிற்கிறது.

அந்த சாரை நான் மறுபடியும் பார்த்தேன். என் கடைக்கே வந்தான்! புது போன், கண்ணாடி ஒட்ட வேண்டுமாம். என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் என் கவுண்டரில் வந்து கையை ஊன்றுவான்? எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ. அடப்பாவி, பிணம் தூக்கினியே, எங்க அக்கா தோப்பை எந்தச் சுடுகாட்டில் கொண்டுபோய்ப் போட்டாய் என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். அவன் அசையவில்லை.

"கோபம் எதுக்கு தம்முடூ? புது காயினா மாத்தறாங்க. எல்லாம் திரும்பி வரும். கொஞ்சம் ஓபிக பட்டண்டி" என்றான். பொறுமையாக இருக்க வேண்டுமாம். நான் சட்டையைப் பிடித்தேன். அவன் என் கையைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"சாவலன்னு சொன்னது யாரு? நானா? நீங்க. சாட்சி போட்டது யாரு? நான் அந்த ஆபீஸ் பக்கமே வரல. என்னை எதுக்குத் திட்றீங்க?"

சட்டையை விட்டேன். அவன் நிதானமாக காலரைச் சரி பண்ணிக்கொண்டு போனான். அவனை அடிக்காமல் விட்டதற்காக நான் என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் அவன் சொன்னதில் எந்த வார்த்தை பொய் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

போன மாதம் அக்கா மறுபடியும் கடைக்கு வந்தாள். இப்போது அவள் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு விடியற்காலை வேன் பிடித்து வேலைக்குப் போகிறாள். சின்னப் பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தி அதே வேனில் கூட்டிப் போகிறாள். லீவு நாளில் வந்திருந்தாள். அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். மாமாவின் போனை எடுத்து வைத்தாள்.

"காலைல எழுந்து மூஞ்சி கழுவறதுக்கு முன்னால இதத்தான் பாக்கறாரு. சோறு துன்னும்போதும் பாக்கறாரு. மரத்துக்கு மருந்தடிக்கப் போறதில்ல. மறுபடி வரும், மறுபடி வரும்னு சொல்லிக்கினே கீறாரு. நீ சொன்னா கேப்பாரு. வீக்கா கீதுன்னு நீதான அன்னிக்கு சொன்ன, இன்னும் அதையே புடிச்சிக்கினு கீறாரு. இப்பனாச்சும் செத்துப் பூட்ச்சுன்னு சொல்லிடு. மனுசன் வேற வேல பாப்பாரு."

நான் என் போனை எடுத்து அவர்கள் வீட்டில் இருந்த பெரிய பெண்ணின் நம்பருக்குப் போட்டு, மாமாவிடம் கொடுக்கச் சொன்னேன். அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, அது செத்துப் பூட்ச்சு" என்றேன். "டெட். இனிமே பாக்காதீங்க."

"எப்ப மச்சான்?" என்று கேட்டார் மாமா. பிணத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரியே கேட்டார்.

இப்போதும் ஒரு பொய் தயாராக என் நாக்கு நுனியில் இருந்தது. போன மாதம் என்று சொல்லலாம். எக்ஸ்சேஞ்ச் மூடிய அன்றைக்கு என்று சொல்லலாம். அக்கா நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ஒங்க வூட்டுக்கு வந்தனே, அதுக்கு முன்னாலயே செத்துப் பூட்ச்சு மாமா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

மாமா போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் மாடு கத்துவது கேட்டது. அக்கா கையை நீட்டி அழைப்பைத் துண்டித்தாள்.

"தெரியுமா?" என்றாள். "தெரிஞ்சிக்கினா சாவலன்னு சொன்ன?"

"நெலத்து மேல எனக்குக் கண்ணுன்னு சொல்லுவாங்களேன்னு..." என்றேன். அந்த சார் சொன்னது, மாமா பார்த்தது, பங்காளிகள் பேசியது எல்லாவற்றையும் கோத்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் முகத்துக்கு முன்னால் எதுவும் நிற்கவில்லை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமாவின் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"சொல்லிக்கினு போறாங்க. சொல்லிட்டா இன்னா, நெலம் இருந்திருக்கும்லடா."

படியிறங்கிப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாள். கவுண்டரில் ஒருவர் தண்ணீர் சொட்டுகிற போனை வைத்துவிட்டு, உயிர் இருக்கிறதா பாருங்கள் என்றார்.